திரும்பிப் போவேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் அருமனையைச் சேர்ந்தவள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தேன். 2019-இல் கனடியக் குடியுரிமை பெற்றேன். 2022 மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்கு வந்தவள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டேன். 2024-இல் எனக்குத் திருமணம் நடந்தது. கணவர் மார்த்தாண்டத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அவரை ஸ்பான்சர் செய்து, இருவரும் கனடாவில் குடியேற முடிவு செய்திருக்கிறோம். நான் இப்போது கனடாவில் இல்லாததால், திரும்பிப் போய் அங்கே வாழ்வேன் என்று நிரூபிக்க வேண்டுமாம். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் ஒரு ஏஜென்ட். அப்பாவின் நோயைப் பற்றியும், கணவர் பெயரில் கட்டிவரும் வீட்டைப் பற்றியும் எழுதவே கூடாது என்றும் சொல்கிறார். விமான டிக்கெட் எடுத்து வைத்துவிடு என்கிறார் உறவினர் ஒருவர். என்னிடம் இருப்பவை: மிசிசாகாவில் அக்கா வீடு, அங்கே ஒரு ஸ்டோரேஜில் மாத வாடகை கட்டி வைத்திருக்கும் என் சாமான்கள், ஒரு வங்கிக் கணக்கு, ஓய்வுக்காலத்துக்கான ஒரு ஆர்.ஆர்.எஸ்.பி. சேமிப்பு, பழைய ஹெல்த் கார்டு. எதைக் காட்டுவது, எதை விடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அருமனை

பதில்: சகோதரி, சட்டம் உங்களிடம் கேட்பது எது என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்த யோசனைகள் எல்லாமே சட்டம் கேட்காத ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கனடாவின் 2002-ஆம் ஆண்டுக் குடிவரவு விதிமுறைகளில் 130-ஆம் விதி, ஸ்பான்சர் செய்கிறவர் கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கனடியக் குடிமக்களுக்கு மட்டும் ஒரு விலக்குத் தருகிறது. வெளிநாட்டில் வசிக்கும் குடிமகனோ குடிமகளோ தம் கணவரையோ மனைவியையோ அங்கிருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம்; ஆனால், அந்தக் கணவரோ மனைவியோ பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்) ஆகும் நாளில் ஸ்பான்சர் கனடாவில் வசிக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அருமனையில் இருப்பதை அது குறையாகப் பார்க்கவில்லை. உங்கள் கணவர் அங்கே கால் வைக்கும் நாளில் நீங்கள் எங்கே குடியிருப்பீர்கள் என்பதைத்தான் கேட்கிறது. கேள்வி வரப்போகும் நாளைப் பற்றியது. அதற்குச் சாட்சியாக வைக்க முடிந்ததோ கடந்துபோன நாள்களின் காகிதங்கள்தாம்.

உங்கள் கோப்பைப் பிரிக்கிற அதிகாரியின் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இந்தியாவில் காலவரையறை இல்லாமல் தங்கலாம், வேலையும் பார்க்கலாம். கணவருக்கு நடந்துகொண்டிருக்கும் கடை இருக்கிறது. ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. தந்தை படுக்கையில் இருக்கிறார். இப்படிப்பட்டவர் கணவருக்கு ஒரு பி.ஆர். அட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே இருந்துவிட மாட்டாரா என்ற ஐயம் அவருக்கு எழுந்தால், அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்த ஐயத்துக்குத்தான் நீங்கள் பதில் எழுத வேண்டும்.

நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழி இதற்குப் பதில் ஆகாது. நம் மாவட்டத்தில் எந்தக் காரியமானாலும் முதலில் முத்திரைத்தாள் வாங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தாளில் கையெழுத்திட்டவர் நீங்கள்தான் என்பதற்கு மேல் நோட்டரி எதற்கும் பொறுப்பேற்பதில்லை. டிக்கெட்டும் அப்படித்தான். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். எந்த மாதம் வரும் என்று உங்களுக்கே தெரியாத நிலையில் எடுத்த டிக்கெட், ரத்துச் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஒரு ரசீது என்பது அதிகாரிக்கும் தெரியும்.

அப்பாவின் நோயை மறைக்கச் சொன்ன யோசனைதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் கோப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒன்டாரியோவில் நல்ல வேலையில் இருந்த நீங்கள் 2022-இல் எதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தீர்கள் என்ற கேள்விக்கு, மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைவிட நேர்மையான பதில் எதுவும் இல்லை. அதில் அப்பாவைச் சேர்த்த தேதி இருக்கும். உங்கள் முதியோர் இல்லத்துக்கு விடுப்புக் கேட்டோ ராஜினாமா செய்தோ நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரு தேதி இருக்கும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உங்கள் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையில் இன்னொரு தேதி இருக்கும். இந்த மூன்றையும் அடுத்தடுத்த பக்கங்களாக வைத்துவிட்டால், நீங்கள் ஒரு வரி விளக்கம் எழுதுவதற்கு முன்பே, இவர் குடியேற வந்தவர் அல்லர், மகளாக வந்தவர் என்பது தெரிந்துவிடும். ஒரு காரணத்துக்காக வந்தவர் அந்தக் காரணம் தீர்ந்ததும் திரும்புவார் என்று நம்ப இடம் இருக்கிறது; காரணமே சொல்லாமல் தங்கியிருப்பவரை எதை வைத்து நம்புவது? மேலும், மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு நிற்காது. கனடியச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, தவறான தகவல் தந்ததாகவோ முக்கியமான செய்தியை மறைத்ததாகவோ முடிவானால் உங்கள் கணவர் 5 ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் போக முடியாது. அந்த ஏஜென்ட் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நோயைச் சொன்னால் மட்டும் போதாது. நீங்கள் போன பிறகு அப்பாவை யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை அதிகாரி கேட்பதற்கு முன்பே உங்களுக்குள் கேட்டு முடிவெடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடன்பிறந்தவர் யாராவது வந்து தங்கப் போகிறாரா, வீட்டோடு ஒரு ஹோம் நர்ஸை வைக்கப் போகிறீர்களா, பிசியோதெரபிக்கு என்ன ஏற்பாடு, மாதச் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும் என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி, பொறுப்பேற்பவரிடம் ஒரு கடிதமும் வாங்கி இணையுங்கள்.

இனி, கனடாவில் உங்களுக்கு இருப்பவற்றுக்கு வருகிறேன். அதிகாரிகள் எதிர்பார்க்கும் காகிதங்கள் என்று விண்ணப்பக் குறிப்புகள் சொல்வது, வேலை தருவதாக ஒரு நிறுவனத்தின் கடிதம், கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதம், வீடு வாங்கியதற்கோ வாடகைக்கு எடுத்ததற்கோ சான்று, மீண்டும் அங்கே காலூன்றுவதற்கான நியாயமான திட்டம், இங்கே உள்ள தொடர்புகளை முடித்துக்கொள்வதற்கான அடையாளம் என்ற வகையில் போகும். இவை அத்தனையும் வேண்டும் என்பதில்லை. பலர் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து, ஆளில்லாத ஒரு வீட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை; அக்கா வீடு இருக்கிறது. ஆனால் அக்காவிடமிருந்து 'நீ எப்ப வேணும்னாலும் வா' என்கிற பாசமான கடிதம் வாங்காதீர்கள். வீட்டின் முகவரி, அது அவர் பெயரில் இருப்பதற்குச் சொத்துவரி ரசீதின் நகல், உங்கள் இருவருக்கும் அவர் ஒதுக்கியிருக்கும் அறை அல்லது பேஸ்மென்ட், எத்தனை மாதங்களுக்கு, வாடகை உண்டா இல்லையா, இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டோரேஜ் ரசீதுகளை நீங்கள் பட்டியலில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களிடம் இருப்பவற்றிலேயே அழகான சான்று அதுதான் என்று படுகிறது. 2022-இல் புறப்பட்டபோது கட்டிலையும் தையல் மிஷினையும் குளிர்காலக் கோட்டுகளையும் விற்றுத் தீர்க்காமல் பூட்டி வைத்துவிட்டு வந்து, அதற்கு இன்றுவரை மாதந்தோறும் டாலரில் வாடகை கட்டுகிற ஒருவர், திரும்பிப் போகும் எண்ணத்தை என்றைக்கும் விட்டவர் அல்லர். ஸ்பான்சர் செய்யும் யோசனை தோன்றுவதற்கு முன்பே, திருமணத்துக்கும் முன்பே தொடங்கிய செலவு அது. யாருக்கும் காட்டுவதற்காகச் செய்ததில்லை. முதல் ரசீதையும் கடைசி ரசீதையும் மட்டும் வைக்காமல், ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது வையுங்கள்.

வேலை விஷயத்தில், பழைய இல்லத்தின் சூப்பர்வைசருக்கு எழுதிப் பாருங்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், உங்கள் நர்ஸிங் பதிவு நடைமுறைக்கு வந்ததும் இன்ன பொறுப்பில் எடுத்துக்கொள்ளத் தயார் என்று நிபந்தனையோடு ஒரு கடிதம் கிடைத்தாலும் நல்லதுதான். கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். வேறு இல்லங்களுக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்களும் அவர்கள் தந்த பதில்களும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். நர்ஸிங் பதிவை நீங்கள் தொடர்ந்து புதுப்பித்து வந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. விட்டுப்போயிருந்தால், மறுபடி பெறுவதற்கான கடிதப் போக்குவரத்தை இந்த வாரமே தொடங்குங்கள். நீண்ட இடைவெளி விழுந்தவர்களிடம் அண்மைக்காலப் பணி அனுபவத்தைக் கேட்பார்கள் என்பதால், அது விசாவுக்காக மட்டுமன்றி உங்கள் பிழைப்புக்காகவும் செய்ய வேண்டியது. எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் உங்கள் கணவர் எலெக்ட்ரீஷியன் வேலையும் தெரிந்தவர் என்றால், அது நல்ல செய்தி. ஒன்டாரியோவில் அந்தத் தொழில் 309ஏ என்ற எண்ணில் உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். வெளிநாட்டு அனுபவத்தை மதிப்பிட்டுத் தரும் நடைமுறையும் அங்கே உண்டு. அவர் தம் ஐ.டி.ஐ. சான்றிதழையும் கடையின் ஜி.எஸ்.டி. பதிவையும் வைத்துக்கொண்டு இப்போதே விசாரித்து எழுதிய மின்னஞ்சல், நீங்கள் மட்டுமல்ல, அவரும் அங்கே பிழைப்பை எண்ணித் திட்டமிட்டிருக்கிறார் என்பதைக் காட்டும்.

ஹெல்த் கார்டை மட்டும் தயவுசெய்து சான்றாக வைக்காதீர்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் 12 மாதங்களில் 153 நாள்களாவது அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். அருமனையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அந்த அட்டை உங்களுக்குச் செல்லுபடியாகியிருக்கவில்லை. அதை எடுத்துக் காட்டினால், இல்லாத ஊரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களோ என்ற தேவையற்ற ஐயம்தான் வரும். வங்கிக் கணக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி.யும் அப்படியல்ல, அவற்றின் அறிக்கைகளைத் தாராளமாக இணைக்கலாம். கணவன் மனைவியை ஸ்பான்சர் செய்வதற்குப் பொதுவாக இவ்வளவு வருமானம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை. ஆனாலும் அவர் பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு என்று கையெழுத்திடுகிறீர்கள் என்பதால், முதல் ஆறு மாதம் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று காட்டுவது நல்லது.

இனி அந்த வீடு. பரம்பரைச் சொத்தாக வந்த பத்து சென்ட் நிலத்தையோ ரப்பர் தோட்டத்தையோ விற்றுவிட்டு வந்து 'தொடர்பை அறுத்துவிட்டேன்' என்று காட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு விற்றுவிட்டுப் பின்னால் வருந்தியவர்களும் இருக்கிறார்கள். விற்க வேண்டாம். சொந்த ஊரில் ஒரு வீடு இருப்பது கனடாவில் குடியேறிய யாருக்கும் தடையாக இருந்ததில்லை. ஆனால் கட்டி முடியாத வீடு விளக்கம் கேட்கும். கணவரின் பெற்றோர் குடியிருக்கத்தான் அந்த வீடு என்றால் அப்படியே எழுதுங்கள்; அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்போது அங்கே மாறுவார்கள், வங்கிக் கடன் இருந்தால் தவணையை யார் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையைப் பங்காளியிடமோ தம்பியிடமோ ஒப்படைக்கும் ஏற்பாடு இருந்தால், அதற்கான ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்குங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் கோத்து, ஒன்றரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். 'எனக்குக் கனடா மிகவும் பிடிக்கும், உறுதியாகத் திரும்புவேன்' என்பதுபோன்ற வாக்கியங்கள் அதில் வேண்டாம். 'என் கணவருக்கு விசா கிடைத்த இரண்டு மாதத்துக்குள் இருவரும் ஒன்றாகப் புறப்படுவோம். முதல் ஆறு மாதம் என் அக்காவின் வீட்டில், இணைப்பு 7-இல் குறிப்பிட்ட பேஸ்மென்டில் தங்குவோம். அப்பாவை அந்தத் தேதியிலிருந்து என் தம்பி பார்த்துக்கொள்வார், அவருடைய கடிதம் இணைப்பு 9' என்கிற ரீதியில், ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காகிதத்தைச் சுட்டுவதாக இருக்கட்டும். தேதிகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று வேறொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதைக் குடும்பத்தினர் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐ.எம்.எம். 1344 என்ற ஸ்பான்சர் படிவத்தில், நீங்கள் ஸ்பான்சராகத் தகுதியற்றவர் என்று முடிவானால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா, தொடர்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். திரும்பப் பெறுவதாகக் குறித்தால் கட்டணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்பதால் பலர் யோசிக்காமல் அதைக் குறித்துவிடுகிறார்கள். அப்படிக் குறித்தவருக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை இல்லாமல் போய்விடுகிறது. தொடர்வதாகக் குறித்திருந்தால், மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். 'திரும்புவார் என்று நம்பவில்லை' என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட வாய்ப்புள்ள உங்களைப் போன்றவர்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விசா வந்த பிறகு கணவரை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் போகலாம் என்றும் எண்ண வேண்டாம். அவருக்கு முன்பாகவோ அவரோடோ நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: என் கணவருக்குக் கனடாவில் பி.ஆர். மட்டும் இருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. திருமணத்துக்கு வந்தவர் எட்டு மாதமாகக் குளச்சலிலேயே இருக்கிறார். திரும்பிப் போவதற்கான சான்றுகளை வைத்து இங்கிருந்தே எனக்கு விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: முடியாது, சகோதரி. மேலே சொன்ன விலக்கு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. பி.ஆர். பெற்றவர் ஸ்பான்சர் செய்ய வேண்டுமானால், விண்ணப்பிக்கும் நாளிலிருந்து உங்கள் பி.ஆர். முடிவாகும் நாள் வரை கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சான்றுகள் இருந்தாலும் எண்ணத்தை வைத்து இந்தக் குறையை நிரப்ப வழியில்லை. இடையில் உங்களைப் பார்க்கச் சில வாரங்கள் வந்து போவதில் தவறில்லை. எட்டு மாதம் ஊரிலேயே இருப்பது வேறு விஷயம். அவருடைய சொந்த பி.ஆர். நிலையைக் காப்பாற்றவும் 5 ஆண்டுகளில் 730 நாள்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை நினைவூட்டி, முதலில் அவரைப் புறப்படச் சொல்லுங்கள். பிரிவு கடினமானதுதான், ஆனால் அவர் போகாத ஒவ்வொரு மாதமும் உங்கள் விண்ணப்பமும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

கேள்வி: என் மருமகன் அமெரிக்கக் குடிமகன், இப்போது துபாயில் வேலை பார்க்கிறார். மகளுக்காக அவர் கொடுத்த ஐ-130 மனு ஏற்கப்பட்டுவிட்டது. அடுத்த கட்டத்தில் அவருக்கு அமெரிக்காவில் 'டொமிசைல்' இல்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிகாகோவில் இருக்கும் அவருடைய சித்தப்பா ஸ்பான்சர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். அது போதுமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: போதாது, அம்மா. ஐ-130 மனு உறவை மட்டும் பார்ப்பது. அதனால்தான் அந்தக் கட்டம் தடையில்லாமல் கடந்தது. அடுத்து வரும் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திடுகிறவர் அமெரிக்காவை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவராக இருக்க வேண்டும். சித்தப்பா போன்ற ஒருவர் கூட்டு ஸ்பான்சராக வந்தால் வருமானக் குறையைத் தீர்க்கலாம். மனு கொடுத்த மருமகனுக்கு வசிப்பிடம் இல்லை என்ற குறையை அவரால் தீர்க்க முடியாது. மருமகன் தம் மனைவி அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள் அங்கே மீண்டும் குடியேறுவார் என்பதைக் காட்ட வேண்டும். இருவரும் ஒரே விமானத்தில் போகலாம். அவர் பின்னால் போவதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பித்தது, வீடு பார்த்தது, வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு, துபாய் வேலைக்கு நோட்டீஸ் கொடுத்தது ஆகியவை இங்கே பயன்படும். துபாய்ச் சம்பளம் எவ்வளவு பெரியதானாலும், அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து வராவிட்டால் கணக்கில் சேராது என்பதால், சித்தப்பாவின் கையெழுத்து அந்த இடத்தில் உதவும்.

மருமகனிடம் முதலில் கேட்க வேண்டியது வருமான வரிக் கணக்கு. அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அங்கே ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால் வளைகுடாவில் இருக்கும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஐ-864 உடன் கடைசி ஆண்டின் கணக்கை வைத்தாக வேண்டும். விட்டுப்போன ஆண்டுகள் இருந்தால், சிகாகோவில் வீடு தேடுவதற்கு முன்பே அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.